அடுத்தவன் சத்தியத்துக்கு நோன்பு பிடித்தவர்

உம்துர்மானில் சத்தியம் செய்யாமல் ஒரு கிளாஸ் தேநீர்கூடக் குடிக்க முடியாது. தெருவில் போகிறவனைப் பார்த்து, "உள்ள வந்து ஒரு வாய் சாப்பிடலேன்னா என் பொண்டாட்டி தலாக்!" என்று ஒருவன் கத்துவான். போகிறவனும் சும்மா போகமாட்டான். "இப்பத்தான் சாப்பிட்டேன், பொய்யின்னா என் பொண்டாட்டி தலாக்!" என்பான். இரண்டு வீட்டுப் பெண்களும் இதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாமல் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பார்கள். மீன்காரன் இன்று விடியற்காலை பிடித்த மீன் என்று படைத்தவன்மேல் ஆணையிடுவான். மீனின் கண்ணைப் பார்த்தால் அது வேறு கதை சொல்லும்.

இப்படிப்பட்ட ஊரில், ஆற்றோரத்து அபு ரூஃப் பேட்டையில், ஆயுசில் ஒரு சத்தியமும் செய்யாத மனிதர் ஒருவர் இருந்தார். பாபிகர் இத்ரீஸ் என்று பெயர். வேடிக்கை என்னவென்றால், அவர் சம்பளம் வாங்கியதே அடுத்தவர்களைச் சத்தியம் செய்ய வைப்பதற்குத்தான்.

நாட்டின் பேரவையில் அவர் கடைநிலை ஊழியர். தேநீர்த் தட்டு தூக்குவார், நாற்காலி துடைப்பார், உறுப்பினர்களின் செருப்பைத் தேடிக் கொடுப்பார். ஆனால் பதவியேற்பு நாளில் எல்லோரும் அவர் முன்னால் வரிசையில் நின்றாக வேண்டும். வெள்ளை ஜல்லாபியா அங்கி அணிந்து, தலைப்பாகையைத் திருத்தமாகக் கட்டி, பச்சைத் துணியில் சுற்றிய பெரிய குர்ஆனை இரு கையிலும் ஏந்தி நிற்பார். வருகிறவர் அதன்மேல் வலது கையை வைத்து, அரசமைப்புச் சட்டத்தைக் காப்பேன் என்று சொல்லிவிட்டுப் போவார். புத்தகத்தை மேஜைமேல் வைத்தால் போதாதா என்று ஓர் அதிகாரி ஒருமுறை கேட்டார். "மேஜை கை கால் கழுவி ஒளு செய்யுமா ஐயா?" என்று பாபிகர் கேட்டார். அதோடு மேஜைப் பேச்சு நின்றது.

ஆங்கிலேயன் மூட்டை கட்டுவதற்கு முந்தின வருஷம் பிறந்தவர் பாபிகர். ஆங்கிலேயன் எழுதி வைத்திருந்ததையே கொஞ்சம் வெட்டி ஒட்டி, தற்காலிகம் என்று பெயரிட்டு ஒரு சட்டத்தை வைத்துக்கொண்டுதான் எங்கள் நாடு கொடியேற்றியது. பாபிகருக்குப் பால்பல் விழுவதற்குள் ஒரு தளபதி வந்து அதைத் தூக்கி ஓரமாக வைத்தார். பிறகு ஜனங்கள் தெருவில் இறங்கித் தளபதியை ஓரமாக வைத்தார்கள். பழைய சட்டத்தைத் தூசி தட்டி எடுத்தார்கள். பிறகு இன்னொரு தளபதி. நிரந்தரம் என்று தைரியமாகப் பெயர் வைத்த அரசமைப்பு இத்தனை காலத்தில் ஒன்றே ஒன்றுதான், அது அந்த இரண்டாவது தளபதியுடையது. அந்த வருஷம்தான் பாபிகர் வேலைக்குச் சேர்ந்தார். தட்டு நிறையத் தேநீரைத் தளும்பாமல் தூக்குகிற பையன் குர்ஆனையும் ஒழுங்காகத் தூக்குவான் என்று மேலாளர் அவரைப் பிடித்து நிறுத்தினார்.

கிறிஸ்தவ உறுப்பினர்களுக்கு பைபிளைப் பிடிக்கிறவர் லோரோ. தெற்கத்திக் குடும்பம், ஆனால் பிறந்தது வளர்ந்தது எல்லாம் உம்துர்மான். முதல் பதவியேற்புக்கு முன்னால் இரண்டு பேரும் கை கழுவிக்கொண்டிருந்தபோது பாபிகர் கேட்டார்.

"ஏய் லோரோ, இந்த அரசமைப்பு அரசமைப்புங்கறாங்களே, அது என்னதுடா?"

"வாடகைப் பத்திரம் மாதிரி. வீட்டுக்காரன் இதெல்லாம் செய்யலாம், இதெல்லாம் செய்யக் கூடாதுன்னு எழுதியிருக்கும்."

"நாம யாரு, குடியிருக்கறவங்களா?"

"நாமதான் வீட்டுக்காரங்கன்னு முதல் வரியில போட்டிருக்கானாம். சிரிக்காதே, உள்ள பெரிய மனுஷங்க இருக்காங்க."

அன்று பாபிகர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். முகங்களை நிமிர்ந்து பார்க்கிற துணிச்சல் அவருக்கு இல்லை. குனிந்தபடி கைகளைத்தான் பார்த்தார். பல கைகள் புத்தகத்தின்மேல் வந்ததும் நடுங்கின. அந்த நடுக்கம் அட்டை வழியாக அவர் உள்ளங்கைக்கு வந்தது. மனசாரச் சொல்கிறார்கள், அதனால்தான் நடுங்குகிறது என்று அவர் எடுத்துக்கொண்டார். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொல்லி மாய்ந்து போனார். படித்தவர்கள், பணக்காரர்கள், படையில் இருந்தவர்கள், அவர்களுக்கே கை நடுங்குகிறதாம்.

நிரந்தர அரசமைப்பு பன்னிரண்டு வருஷம் இருந்தது. ரொட்டி விலை ஏறி ஜனங்கள் மறுபடி தெருவுக்கு வந்தபோது அதுவும் போயிற்று. புதிதாக ஒரு தற்காலிகம் வந்தது. தேர்தல் நடந்தது. பாபிகர் மறுபடி பச்சைத் துணியோடு நின்றார். வரிசையில் சுண்டுவிரல் வளைந்த ஒரு கை வந்து புத்தகத்தின்மேல் உட்கார்ந்தது. அந்தக் கையை அவருக்குத் தெரியும். போன நிரந்தரச் சட்டத்தைக் காப்பேன் என்று இதே புத்தகத்தில் இதே கையை வைத்த ஆள்தான். அன்றைக்கு நடுங்கியதுபோலவே இன்றைக்கும் நடுங்கியது.

 பாபிகர் அன்று பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் பேட்டைப் பள்ளிவாசலில் ஃபக்கி ஜுபாராவைப் பிடித்தார். ஜுபாரா பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பவர், குண்டு மனிதர், எதற்கும் சிரிப்பவர்.

"ஃபக்கி, சத்தியத்தை முறிச்சவன் என்ன செய்யணும்?"

"பத்து ஏழைக்குச் சோறு போடணும். முடியாதவன் மூணு நோன்பு பிடிக்கணும். ஏன், நீ எதை முறிச்சே? உனக்குச் சத்தியமே வராதே!"

"நான் இல்ல. பேரவையில உள்ளவங்க. அவங்க யாராவது நோன்பு பிடிச்சிருப்பாங்களா?"

ஜுபாராவுக்குத் தொப்பை குலுங்கியது. "அவங்களா? ரமலான்லயே பகல்ல அவங்க வீட்டு அடுப்பு புகையுது."

"அப்போ அந்தப் பாவம் யார் தலையில இருக்கு? புத்தகம் என் கையில இருந்துச்சு ஃபக்கி."

"கிறுக்கா, சொன்னவன் தலையில. பிடிச்சவன் தலையில இல்ல." பிறகு, சிரிப்பை நிறுத்திக்கொண்டு ஒரு விஷயம் சொன்னார். "இன்னொண்ணு கேட்டுக்கோ. காப்பாத்தணும்னு நெனச்சுச் சொல்லி, பிறகு முடியாமப் போச்சுன்னாத்தான் இந்த நோன்பு, சோறு எல்லாம். பொய்யின்னு தெரிஞ்சே கை வெச்சான்னா, அந்தச் சத்தியம் ஆளை நெருப்புல முக்கிடும். அதுக்கு நோன்பு கிடையாது. ஊருக்கே சோறு போட்டாலும் கழியாது."

"இல்ல ஃபக்கி. அவங்க நெனச்சுத்தான் சொன்னாங்க. கை நடுங்குச்சே, நான் பார்த்தேனே."

மறுநாளிலிருந்து மூன்று நோன்பு பிடித்தார். புத்தகம் பிடித்தவனுக்குப் பொறுப்பில்லை என்று மார்க்கம் தெரிந்தவர் சொல்லியும் கேட்கவில்லை. எங்கள் பேட்டையில் இது பெரிய சிரிப்பாகிப்போனது. முடிதிருத்தும் கடையில் உட்கார்ந்துகொண்டு, "பாபிகர் வாடிப்போயிருக்காரே, நாட்டுல ஏதாவது ஆச்சா?" என்று கேட்பார்கள். வானொலியைவிட அவர் முகத்தைத்தான் நம்பினோம். நானும் சிரித்தவர்களில் ஒருவன்தான்.

அவர் மனைவி பதூலுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "நாட்டைத் தின்னவன் ஏப்பம் விட்டுட்டு உட்கார்ந்திருக்கான். நீங்க எதுக்குப் பட்டினி கிடக்கறீங்க?" என்று சண்டை போடுவாள். போட்டுவிட்டு, பகலெல்லாம் அவளும் சாப்பிடாமல் இருந்து, நோன்பு திறக்கும் நேரத்துக்கு அவருக்குப் பிடித்த அஸீதா களியைக் கிண்டி வைப்பாள்.

அந்தத் தற்காலிகம் பாலைவனத்துத் தூறல்போல வந்த சுவடு தெரியாமல் போயிற்று. ஒரு நாள் காலையில் வானொலியைத் திருகினால் படை இசை. எங்கள் நாட்டில் அந்த இசையைக் கேட்டதும் பெண்கள் முதலில் மாவு வாங்கி வரச் சொல்வார்கள். பாபிகர் மாவு வாங்கப் போகவில்லை. நேராகப் பேரவைக்குப் போனார். வாசலில் லோரோ ஏற்கனவே நின்றுகொண்டிருந்தார். கதவில் சங்கிலி. ஒரு சிப்பாய் துப்பாக்கியோடு நின்றான்.

"தம்பி, உள்ள புத்தகம் இருக்கு," என்றார் பாபிகர்.

"என்ன புத்தகம்? அரசமைப்பா? அதைத்தான் ரத்து பண்ணியாச்சே, கேக்கலையா?"

"குர்ஆன்பா. பூட்டின வீட்டுல கரையான் ஏறிடும்."

சிப்பாய் யோசித்தான். ஊர்ப்பக்கத்துப் பிள்ளை, குர்ஆன் என்றதும் தயங்கினான். சங்கிலியைத் தளர்த்தி, "சீக்கிரம் போயிட்டு வா," என்றான்.

"என்னோடதையும் எடுத்துக்கிட்டு வாடா!" என்று லோரோ பின்னாலிருந்து கத்தினார்.

பாபிகர் இரண்டு வேதங்களையும் மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தார். சிப்பாய் எட்டிப் பார்த்து, "அந்த இன்னொண்ணு, ரத்தானது, உள்ளேயே கிடக்கா?" என்று கேட்டான்.

"கிடக்கு. அதை யாரும் கேக்கலையே," என்றார் லோரோ. மூன்று பேருமே சிரித்துவிட்டார்கள். சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்த பாபிகர், குர்ஆனை அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டு, அதன் கீழே உட்கார்ந்து அழுதார். அந்தத் தடவை நோன்போடு சோறும் சேர்ந்துகொண்டது. பதூல் பெரிய பானையில் ஃபூல் பயறு அவித்தாள். சந்தையில் சுமை தூக்குகிறவர்கள் பத்துப் பேர் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து அது பழக்கமாகிவிட்டது. சட்டம் ஒவ்வொரு தடவை விழும்போதும் பாபிகர் வீட்டில் பயறு ஊறும்.

பிறகு பேரவை வேறு பெயரில் திறந்தது. புத்தகமும் பாபிகரும் திரும்பப் போனார்கள். வேறொரு அரசமைப்பு வந்தது. இதற்கு நடுவில், இனிமேல் கிடைக்காது என்று விட்டிருந்த வயதில், பதூலுக்கு ஒரு மகன் பிறந்தான். மாஸின். அந்தப் பிள்ளை வந்த பிறகு பாபிகர் நாட்டைப் பற்றிக் கவலைப்படுவதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும். மூங்கில் கட்டிலில் படுத்துப் பிள்ளையை வயிற்றின்மேல் உட்கார வைத்துக்கொண்டு, "நீ ஒண்ணும் சத்தியம் பண்ண வேண்டாம்டா, என் கண்ணு. சும்மா இரு, போதும்," என்பார்.

தெற்குக்கும் வடக்குக்கும் வருஷக்கணக்காக நடந்த சண்டை ஓய்ந்து, சமாதான அரசமைப்பு வந்தபோது லோரோவுக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைய பதவியேற்பில் இரண்டு பேரும் தோளோடு தோள் நின்று பிடித்தார்கள். தெற்கத்தி மக்கள் சேர்ந்திருப்பதா பிரிந்து போவதா என்பதை அவர்களே வாக்குப் போட்டுச் சொல்லலாம் என்று அதில் எழுதியிருந்தது. ஆறு வருஷம் கழித்து அந்த வாக்கெடுப்பு நடக்கவும் செய்தது. நாடு இரண்டாயிற்று. லோரோ அந்நியராகிவிட்டார். பேரவையில் அவருக்கு வேலை போயிற்று. பிறந்த ஊரை விட்டு, கண்ணால் ஒரே தடவை பார்த்த ஊருக்கு அவர் மூட்டை கட்டினார்.

ஆற்றுத் துறையில் படகில் கட்டிலும் மெத்தையும் கோழிக்கூண்டும் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். லோரோ பைபிளைக் கக்கத்தில் இடுக்கியிருந்தார்.

"நீயும் பிரியணும்னுதான் போட்டியா?" என்று பாபிகர் கேட்டார்.

"போட்டேன். எங்கம்மா பட்ட பாட்டுக்குப் போட்டேன். நான் போக வேண்டியிருக்கும்னு யோசிக்கல." லோரோ மூக்கை உறிஞ்சினார். "இதுக்கும் நோன்பு பிடிப்பியாடா?"

"இதை யாரும் முறிக்கலையே. சொன்னபடிதான் செஞ்சாங்க."

"ஆமா. ஆயுசுக்கும் ஒரே ஒரு சத்தியத்தைத்தான் காப்பாத்துனாங்க. அதுல நாம ரெண்டு பேரும் பிரிஞ்சோம்."

படகு போன பிறகும் பாபிகர் துறையிலேயே நின்றார். அன்று சாப்பிடவில்லை. நோன்பு என்று மனசில் நினைத்து நிய்யத்து வைக்கவும் இல்லை. சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு கொஞ்ச காலத்தில் ஓய்வு பெற்றார். மாஸின் வளர்ந்து, கைப்பேசி பழுது பார்க்கிற கடை போட்டான். கடையில் வேலை பார்த்ததைவிட வாதம் பண்ணியது அதிகம். ரொட்டி விலை மறுபடி ஏறியது. ஜனங்கள் மறுபடி இறங்கினார்கள். படைத் தலைமையகத்துக்கு எதிரே மாதக்கணக்கில் உட்கார்ந்தார்கள். முப்பது வருஷத்து ஆட்சி விழுந்தது. மாஸின் அங்கேயே கிடந்தான். கறுத்து, தாடி வளர்ந்து, தொண்டை கட்டிப்போய் வீட்டுக்கு வந்தான். கொஞ்ச நாளில் படையும் பொதுமக்களும் சேர்ந்து ஒரு அரசமைப்பு ஆவணத்தில் கையெழுத்துப் போட்டார்கள். மாஸின் அதை வரிக்கு வரி கைப்பேசியில் படித்துக் காட்டினான்.

"வாப்பா, கேளுங்க. போராட்டத்துல செத்தவங்களுக்கு நியாயம் கிடைக்கும்னு எழுதியிருக்கு. எழுத்துலயே இருக்கு."

"எல்லாத்துலயும் எழுத்துலதான்டா இருக்கும்."

"இது வேற. முன்னெல்லாம் நீங்க மட்டும் தனியா பார்த்துக்கிட்டு நின்னீங்க. இந்தத் தடவை நாங்க எல்லாரும் பார்த்துக்கிட்டிருக்கோம்."

புதிய ஆட்களின் பதவியேற்பு ஒன்றுக்குப் பாபிகரைக் கூப்பிட்டு ஆள் வந்தபோது, முடியாது, வயசாகிவிட்டது என்றார். மாஸின் விடவில்லை. தலைப்பாகையை அவனே கட்டிவிட்டான். கோணலாக இருக்கிறது என்று பதூல் அவிழ்த்துத் திரும்பக் கட்டினாள். அவர் கிளம்புவதற்குள், அவள் பக்கத்துக் கடைக்குப் போய் ஒரு பை ஃபூல் பயறு வாங்கி வந்தாள். மாஸின் அதைப் பார்த்துக் கோபப்பட்டான்.

"உம்மா! இன்னும் சத்தியமே பண்ணல, அதுக்குள்ள பரிகாரத்துக்குப் பயறா?"

"எப்படியும் வேணும்டா. விலை ஏறுது பாரு."

பாபிகர் சிரித்துவிட்டார். அன்று போய்ப் புத்தகத்தைப் பிடித்தார். கைகள் வந்தன. சில கைகள் நடுங்கின. கூடவே வந்து பின்வரிசையில் நின்றிருந்த மாஸினை அவர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். இவனுக்காகவாவது நிலைக்கட்டும் என்று, எப்போதும் தனக்காகக் கேட்காத மனிதர், அன்றைக்குப் படைத்தவனிடம் கேட்டுக்கொண்டார்.

இரண்டு வருஷத்தில் படை இசை கேட்டது. பாலங்களை மூடினார்கள், கைப்பேசித் தொடர்பை அறுத்தார்கள். பதூல் பயறை எடுத்து ஊறப்போட்டாள். பாபிகர் நோன்பைத் தொடங்கினார். மூன்றாம் நோன்பு அன்று காலையில் மாஸின் செருப்பு வாரை இறுக்கிக்கொண்டிருந்தான்.

"இன்னிக்குப் போகாதே. நோன்பு திறக்கற நேரத்துல வீட்டுல இரு."

"வாப்பா, அவங்க முறிச்சதுக்கு நீங்க பட்டினி கிடக்கறீங்க. ஆயுசு முழுக்க கிடந்துட்டீங்க. ஒருத்தனாவது போய் அவங்களக் கேக்க வேண்டாமா?" பிறகு கோபம் அதிகமாகிவிட்டது என்று பட்டதோ என்னவோ, குனிந்து அவர் நெற்றியில் முத்தம் வைத்தான். "மஃரிபுக்கு வந்துடுவேன். அஸீதாவை நீங்களே காலி பண்ணிடாதீங்க."

வந்துவிடுவேன் என்றுதான் சொன்னான். சத்தியம் எதுவும் செய்யவில்லை.

அஸர் பாங்கு முடிந்த கையோடு இரண்டு பையன்கள் வந்து வாசலில் நின்றார்கள். ஒருவன் சட்டையெல்லாம் இரத்தம். பாலத்துக்குப் போகிற வழியில் சுட்டார்கள், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம், பாதியிலேயே போய்விட்டான், அங்கேயிருந்து அவன் உடலை, மையத்தை, படைக்காரர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றான். பதூல் அலறவில்லை. அடுப்பிலிருந்த பானையை இறக்கி வைத்துவிட்டு, தோப் முக்காட்டைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "நடங்க," என்றாள்.

பிணவறை ஓர் இடம், அனுமதி தருகிற அலுவலகம் வேறு இடம். பிணவறையில் பாபிகரை மட்டும் உள்ளே விட்டார்கள். மாஸின் கண் பாதி திறந்திருந்தது. கழுத்தெலும்புக்குக் கீழே, விரல் நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. பாபிகர் அதன்மேல் உள்ளங்கையை வைத்து மூடிப் பார்த்தார். மின்சாரம் இல்லாததால் அறை வெக்கையாக இருந்தது. இங்கே விட்டுவைத்தால் தாங்காது என்று காவலாளி மெதுவாகச் சொன்னான்.

அலுவலகத்தின் வாசலில் பதூல் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். "புள்ளையக் கொண்டாங்க. என்ன செய்வீங்களோ தெரியாது. வெக்கையில கிடக்கான். அவனைக் குளிப்பாட்டி மண்ணுல வெக்கணும்," என்று அவர் ஜல்லாபியாவைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

உள்ளே இருந்த அதிகாரி மரியாதையான ஆள். உட்காரச் சொன்னார், தேநீர் வரவழைத்தார். நோன்பு என்று பாபிகர் சொன்னதும், "இன்னிக்கா? அல்லாஹ் ஏத்துக்கட்டும்," என்றார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"பெரியவரே, உங்க பையன் பாலத்துப் படியில தவறி விழுந்துட்டான். அப்படித்தான் எங்களுக்குத் தகவல்."

"நான் பார்த்தேன் ஐயா. குண்டு பட்ட ஓட்டை."

"நீங்க துக்கத்துல இருக்கீங்க. சரியாப் பார்த்திருக்க மாட்டீங்க." அதிகாரி நாற்காலியை முன்னால் இழுத்தார். "புகார் இல்லேன்னு எல்லாரும் சொல்லிட்டுத்தான் மையத்தை வாங்கிட்டுப் போறாங்க. மறுநாள் தொலைக்காட்சியில வந்து அழறாங்க. அதனால ஒரே ஒரு சத்தியம். விழுந்துதான் செத்தான், யார் மேலயும் புகார் இல்லேன்னு குர்ஆன்ல கை வெச்சுச் சொல்லிடுங்க. இப்பவே கூட்டிட்டுப் போயிடலாம். இல்லேன்னா விசாரணை, பரிசோதனை, நாளாகும். கட்டாயமெல்லாம் இல்ல. எழுந்து போகணும்னா போகலாம்."

மேஜைமேல் ஒரு சின்னக் குர்ஆன் இருந்தது. அதன்மேல் யாரோ குடித்துவிட்டு வைத்த கிளாஸ். பாபிகர் எழுந்து கிளாஸை எடுத்துக் கீழே வைத்தார். தோள் துண்டால் அட்டையில் இருந்த ஈர வட்டத்தைத் துடைத்தார்.

அதிகாரி அவரை உற்றுப் பார்த்தார். "நீங்க பேரவையில புத்தகம் பிடிப்பீங்கல்ல? டிவியில பார்த்திருக்கேன்."

"ஆமா."

"அப்போ முறை உங்களுக்கே தெரியும்." அதிகாரி புத்தகத்தை எடுத்து ஒற்றைக் கையால் நீட்டினார்.

பாபிகர் நின்றார். ஜன்னல் வழியாகப் பதூலின் தலை தெரிந்தது. தன் கை புத்தகத்தின்மேல் போய் உட்காருவதை, வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோலக் குனிந்து பார்த்தார். தேநீர்த் தட்டைத் தளும்பாமல் தூக்கிய கை, வரிசை வரிசையாக எத்தனையோ பேர் வந்து போனபோதும் அசையாமல் நின்ற கை, நடுங்கியது. மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை நடுங்கியது. அட்டையே அசைந்தது. அவர் சொல்ல வேண்டியதைச் சொன்னார். விழுந்துதான் செத்தான் என்றார்.

அன்றே மாஸினை அடக்கினார்கள். பந்தல் போட்டார்கள், பாய் விரித்தார்கள். வருகிறவர்கள் எல்லோரும் கையேந்தி ஃபாத்திஹா ஓதிவிட்டு உட்கார்ந்தார்கள். மாஸினின் கூட்டாளிகள் அவன் படத்தைச் சுவரில் வரைந்தார்கள். வழக்குப் போட வேண்டும், நீங்கள் கண்ணால் பார்த்ததைச் சொல்ல வேண்டும் சித்தப்பா என்று ஒரு வக்கீல் பெண் காலடியில் உட்கார்ந்து கேட்டாள். பாபிகர் பாயின் நூலைப் பிய்த்துக்கொண்டு தலையைக் குனிந்திருந்தார். மாஸின் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பான் என்பது அங்கே உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் தெரியும்.

துக்கம் முடிந்து பாயைச் சுருட்டுகிற நாள் காலையில் ஃபக்கி ஜுபாரா தடியை ஊன்றி வந்தார். அவருக்கும் வயதாகி, தொப்பை வற்றிப்போயிருந்தது. பாபிகர் அவரைத் தனியே அழைத்து நடந்ததைச் சொன்னார். பதூல் தேநீரோடு வந்து கதவருகில் நின்றுவிட்டாள்.

"கட்டாயத்துல சொன்னது கணக்குல வராது பாபிகர். படைச்சவனுக்குத் தெரியாதா?"

"கழுத்துல யாரும் கத்தி வெக்கல ஃபக்கி. டீ வாங்கிக் கொடுத்தாங்க. எழுந்து போன்னு சொன்னாங்க. நான்தான் வெச்சேன்."

"நீ புள்ளைக்காக வெச்சே."

"அவங்களும் எதுக்காகவோதான் வெச்சிருப்பாங்க." பாபிகர் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது நடுங்குச்சு ஃபக்கி. அவங்களுக்கு நடுங்குன மாதிரியே. மனசாரச் சொல்றாங்க, அதான் நடுங்குதுன்னு நெனச்சேன். இத்தனை வருஷமும் அப்படித்தான் நெனச்சேன். பொய் சொன்னாலும் அதே நடுக்கம்தான். அன்னிக்கே தெரிஞ்சிருந்தா நான் மாஸினைப் போயி அங்க நிக்க விட்டிருப்பேனா? கேக்கறேன்னு போனானே, பொய்யிலயே கை வெச்சவங்களைப் போய் என்னத்தைக் கேக்கறதுன்னு சொல்லியிருக்க மாட்டேனா?"

  எதற்கும் சிரிக்கிற ஜுபாரா, தடியின்மேல் நெற்றியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பதூல் உள்ளே வந்து தட்டை வைத்தாள். "பயறு ஊறப்போட்டிருக்கேன்," என்றாள். "நாளைக்கு நோன்பு வெப்போம். நானும் வெக்கறேன். பத்துப் பேரைக் கூப்பிடுங்க."

"இதுக்கு நோன்பு கிடையாது பதூல்."

"ஏன் கிடையாது? கண்டவன் பொய்க்கெல்லாம் பட்டினி கிடந்தோமே. என் அடுப்புல எத்தனை பானை கரியாச்சு! என் புள்ளையை மண்ணுல வெக்கறதுக்காகச் சொன்ன ஒரே ஒரு பொய்க்கு ஒண்ணும் கிடையாதா? யாரு எழுதுனது அந்தச் சட்டம்?" என்று கேட்டாள். மையத்து வீட்டில் அதுவரை அழாமல் இருந்தவள் அப்போதுதான் அழுதாள். 

ஊறிய பயறை வீணாக்குகிறவள் அல்ல பதூல். மறுநாள் பெரிய பானையில் அவித்தாள். சந்தையிலிருந்து சுமை தூக்குகிறவர்கள் வந்தார்கள், அதில் இரண்டு பேர் பழைய ஆட்கள். எந்தச் சட்டம் விழுந்தது என்று அவர்கள் கேட்கவில்லை. தட்டைச் சுற்றி உட்கார்ந்து, ரொட்டியைப் பிய்த்துத் தொட்டுச் சாப்பிட்டார்கள். நல்லா இருக்கு அம்மா என்றார்கள். கை கழுவிவிட்டு, மாஸினுக்காக ஃபாத்திஹா ஓத எல்லோரும் கையேந்தினார்கள். பதூலும் கதவருகில் நின்று ஏந்தினாள்.

பாபிகர் அவர்களோடு சேர்ந்து முணுமுணுத்தார். கைகள் மட்டும் ஜல்லாபியாப் பைக்குள்ளேயே இருந்தன. அவற்றை வெளியே எடுக்கவில்லை.